ஓல்ட்டனில் பொங்கிய பால்

சுவிஸ் நாட்டில் மாநிலம் மாதிரி இருபத்தாறு கன்டோன்கள். ஒவ்வொரு கன்டோனுக்கும் தனிக் கொடி, தனிச் சட்டம், தனி வரி, பக்கத்துக் கன்டோனைப் பார்க்கும்போது ஒரு தனி முகச்சுழிப்பு. ஒரே வருடத்தில் இரண்டு மூன்று கன்டோனில் குடியிருந்த ஆள் எங்கே வரி கட்டுவது? அதற்கும் ஒரு சட்டம் வைத்திருக்கிறார்கள். வருடம் முழுக்க நீ எங்கே கிடந்து உத்தரித்தாலும் சரி, டிசம்பர் முப்பத்தோராம் திகதி எந்தக் கன்டோனில் குடியிருக்கிறாயோ அந்தக் கன்டோனுக்கே முழு வருடத்து வரியும். நல்ல சட்டம்தான். அதை எழுதிய பெரியவர்களைக் குறைசொல்ல ஒன்றுமில்லை, ஒரேயொரு குறையைத் தவிர. அவர்களில் ஒருவருக்கும் பஞ்சாங்கம் பார்க்கத் தெரியாது.

டிசம்பர் முப்பத்தொன்று எந்த வருடத்திலும் பஞ்சாங்க மார்கழிக்குள்தான் வந்து விழும். மார்கழியில் எங்கள் சனம் வீடு மாறாது. கட்டில் வாங்காது, சாமான் ஏற்றாது, கல்யாணம் பேசாது. திருவெம்பாவை பாடிக்கொண்டு தை பிறக்கட்டும் என்று இருக்கும். சிவகலா பிடிபட்டதும் இதில்தான்.

சிவகலாவும் அவள் புருசன் இரவீந்திரனும் பாசல் கன்டோனில் ஒரே வீட்டில் பதினெட்டு வருடம் இருந்தவர்கள். கட்டடத்தைப் புதுப்பிக்கப் போகிறோம், எல்லோரும் எழும்புங்கள் என்று சொந்தக்காரன் கடிதம் போட்டான். பதினெட்டு வருடம் ஒழுங்காக வாடகை கட்டிய சனத்தை எழுப்ப ஒரு முத்திரை போதுமாக இருந்தது. பழைய கட்டில் கழற்றும்போதே முறிந்துபோனது. மிச்சச் சாமான் எல்லாம் ஆர்காவ் கன்டோனில், ஸ்பிரைட்டன்பாக்கில், இரவீந்திரனின் தம்பி கோபிசன் வீட்டு நிலவறைக்குள் போனது. சிவகலா கோபிசன் வீட்டு சோபாவில் படுத்து எழும்பிச் சூரிச்சில் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறைக்கு வேலைக்குப் போய்வந்தாள். இரவீந்திரனுக்கு வேலை பாசலில் ஒரு ஹோட்டலில். அவர் ஹோட்டல் பணியாளர் அறையிலேயே தங்கிக்கொண்டார்.

கார்த்திகை முடியும் தறுவாயில் முருகன் கண் திறந்தான். சூரிச் கன்டோனில், அட்லிஸ்வில்லில், ஒரு கூட்டுறவுச் சங்கத்து வீடு கிடைத்தது. அந்த வீட்டுக்காக அவர்கள் பேர் பதிந்துவிட்டுக் காத்திருந்த காலத்தில் கோபிசனுக்குக் கல்யாணமாகி இரண்டு பிள்ளையும் பிறந்து பள்ளிக்கூடமும் போய்விட்டது. நியாயமான வாடகை, வெயில் விழும் பல்கனி, நடந்து போனால் முருகன் கோயில். சங்கத்துக்கு ஒரேயொரு நிபந்தனை. வீட்டை எடுத்தவர் மெய்யாகவே அங்கே குடியிருக்கவேண்டும். இல்லையென்றால் வீடு வரிசையில் நிற்கும் அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

மார்கழி பிறக்க இரண்டு நாள் இருந்தது. சிவகலா அடித்துப்பிடித்து ஓடினாள். முருகன் படம், குத்துவிளக்கு, உப்பு, மஞ்சள், அரிசி, ஒரு பானை. அந்தக் கண்ணாடி அடுப்பில் பாலைக் காய்ச்சிப் பொங்கவிட்டாள். பால் கிழக்கே வழிந்தது. புதுவீட்டுக் குடிபூரல் முடிந்தது. நகரசபையில் பதிவும் போட்டாயிற்று. சாமானும் கட்டிலும் தை பிறந்தபின் வரும் என்று கதவைப் பூட்டிக்கொண்டு ஸ்பிரைட்டன்பாக் சோபாவுக்குத் திரும்பினாள்.

ஆக, வருடம் முடிந்த அன்று நிலவரம் இதுதான். இரவீந்திரன் பாசலில் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தார். சிவகலா ஆர்காவில் கோபிசனின் பிள்ளைகளுக்குப் புட்டு அவித்துக்கொண்டிருந்தாள். அட்லிஸ்வில் வீட்டில் முருகன் மட்டும் இருந்தார்.

மாசி மாதம் மூன்று கன்டோனிலிருந்தும் வரிப் பத்திரம் வந்தது. சிவகலா மூன்றிடத்துக்கும் நடந்ததை எழுதினாள். பால் என்ற சொல்லைக் கண்டதும் மூன்றும் கையை உதறிவிட்டு, விசயத்தை ஓல்ட்டன் நகரத்தில் இருக்கும் கன்டோன்களிடை வாழ்வுமைய நிர்ணய அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டன. ஓல்ட்டன் என்றால் எல்லோரும் ரயில் மாறுவதற்கு இறங்கும் இடம். அங்கேயே தங்குவோம் என்று இறங்கியவர் குறைவு. அதனால்தான் பொதுவான இடம் என்று அலுவலகத்தை அங்கே வைத்திருந்தார்கள்.

அலுவலகத்தின் தலைவர் ஹெர் டொக்டர் நெகேலி. வழுக்கை, வண்ணத்துப்பூச்சி மாதிரி முடிந்த வில்லுக்கழுத்துப்பட்டி, மேசையில் கூர் சீவின பென்சில்கள் உயர வரிசைப்படி. அவர் ஜெர்மனில் சொன்னதை இங்கே நூல்தமிழில் தருவதுதான் மரியாதை, அவர் வீட்டு நாயோடும் அப்படித்தான் கதைப்பாராம். சிவகலாவின் ஜெர்மன் சமையலறையில் படித்த ஜெர்மன். அது யாழ்ப்பாணத் தமிழ் மாதிரியேதான் இருக்கும்.

“திருமதி சிவகலா, ஒரு மனிதர் எங்கே இருக்கிறார் என்பது எங்களுக்கு முக்கியமல்ல” என்று தொடங்கினார் அவர். “அது காவல்துறையின் விடயம். அவர் எங்கே வாழ்கிறார் என்பதே எங்கள் விடயம். பலருக்குத் தாம் எங்கே வாழ்கிறோம் என்று தெரியாது. நாங்கள் கண்டுபிடித்துச் சொல்கிறோம். இதுவரை ஒருவர்கூட நன்றி சொன்னதில்லை. வருடம் முடிந்த அன்று உங்கள் பல்துலக்கி எங்கே இருந்தது?”

“கைப்பையிலை.”

அவர் பென்சிலைக் கீழே வைத்தார். “கைப்பை எந்தக் கன்டோனில்?”

“என்ரை தோளிலை.”

பக்கத்தில் குறிப்பெழுதிக்கொண்டிருந்த துணைத்தலைவி ஃப்ராவ் அம்ஷ்டுட்ஸ் தலையை நிமிர்த்தாமல் அதை எழுதினார். பதினொரு வருடமாக அவர் துணைத்தலைவி. நெகேலி இளைப்பாறும் வயது வந்தும் எழும்பவில்லை.

“சரி. அந்நாட்களில் கணவரோடு எங்கே சண்டை பிடிப்பீர்கள்? தயங்காமல் சொல்லுங்கள். அன்பை எங்கேயும் காட்டலாம், ரயில் மேடையில்கூட. சண்டை மட்டும் வீட்டில்தான் நடக்கும் என்பது எங்கள் அலுவலகத்தின் நீண்டகால ஆய்வு.”

“போனிலை. அவர் பாசலிலை நிண்டு கதைப்பார், நான் ஸ்பிரைட்டன்பாக்கிலை.”

“முடிவில் வெல்வது யார்?”

“நான்தான்.”

நெகேலி சொல்லச் சொல்ல ஃப்ராவ் அம்ஷ்டுட்ஸ் எழுதினார்: வெற்றி, ஆர்காவ்.

சிவகலா கதிரையை முன்னால் இழுத்தாள். “ஐயா, ஆர்காவ் எண்டு போட்டா எனக்கு வீடு போயிடும். நான் அட்லிஸ்வில்லுக்கே வரி கட்டுறன் எண்டுதானே சொல்லுறன். கட்டமாட்டன் எண்டு சொல்லேல்லையே.”

“விருப்பத்தோடு கட்டுகிறவர்கள்தான் எங்களுக்குச் சந்தேகம்” என்றார் நெகேலி.

அடுத்து வீட்டைப் பார்க்க வந்தார்கள். தை பிறந்து கட்டில், சோபா, மிளகாய்த்தூள் டப்பா எல்லாம் வந்து சிவகலா அங்கே சமைத்துக்கொண்டிருந்த நேரம். நெகேலி கட்டிலைப் பார்க்கவே மறுத்துவிட்டார். டிசம்பர் முப்பத்தொன்றில் இல்லாத பொருள் சட்டத்தின் கண்ணுக்கு இன்றும் இல்லை என்றார். அன்றைக்கு இருந்தவற்றை மட்டும் காட்டச் சொன்னார். சிவகலா படத்தையும் விளக்கையும் பானையையும் காட்டினாள்.

“அப்படியென்றால் அன்று இங்கே வசித்தவர் யார்?”

“முருகன்தான்.”

“அவர் நகரசபையில் பதிந்திருக்கிறாரா?”

கீழ்வீட்டுக் கிழவியை விசாரித்தார்கள். அருமையான சனம், ஒரு சத்தமும் கேட்டதில்லை என்று கிழவி வாயார வாழ்த்தினாள். இந்த நாட்டில் ஒரு குடித்தனத்துக்குக் கிடைக்கக்கூடிய அதியுயர்ந்த புகழ் அது. அதையே எடுத்து, ஆள் இல்லாததற்குச் சாட்சி என்று கோப்பில் சேர்த்தார்கள். மின்சார மானியைப் பார்த்தார்கள். டிசம்பர் முழுக்க அந்த வீட்டில் செலவான மின்சாரம் ஒரு பானை பால் காய்ச்சப் போதுமான அளவு மட்டுமே. நெகேலியின் முகம் பூத்துவிட்டது.

“அப்படியென்றால் இந்த வீட்டில் நடந்த ஒரே சம்பவம் பால். வழக்கு முழுவதும் பாலில் நிற்கிறது. அலுவலகம் அதை நேரில் பார்க்கவேண்டும்.”

வேலியில் போன ஓணானைப் பிடித்து வேட்டிக்குள் விடுகிற ஆட்கள் எல்லா நாட்டிலும் உண்டு. ஓல்ட்டனில் ஓணான் கிடையாது, அதனால் அவர் பாலைப் பிடித்தார்.

மார்ச் மாதம், நெகேலியின் இருநூற்றுப் பதினாலாம் அறை. தேநீர் அறையிலிருந்து மின்னடுப்பைத் தூக்கிக்கொண்டுவந்து மேசையில் வைத்தார்கள். சிவகலா விடியவே தலைமுழுகி, பட்டுச்சேலை உடுத்து, பானையோடு வந்திருந்தாள். வழக்கம் எதுவோ அதில் ஒன்றும் குறையக்கூடாது என்று நெகேலி கடிதத்திலேயே எழுதியிருந்தார். விளக்கேற்றினாள், தேவாரம் பாடினாள், பாலை வைத்தாள். அதிகாரிகள் கையைக் கட்டிக்கொண்டு சுற்றிவர நின்றார்கள். பால் பொங்கிக் கிழக்கே வழிந்து, ஆர்காவ் கோப்பின்மேல் ஓடியது. இரண்டொருவர் தங்களை மறந்து கைதட்டினார்கள். நெகேலிக்குக் கண் கலங்கிவிட்டது.

“எனக்குச் சந்தேகமே இல்லை” என்றார். “இந்தச் செயலைச் செய்கிற மனிதரின் வாழ்வு அந்த இடத்தில் வேர்விடுகிறது. நானே உணர்ந்தேன்.”

சிவகலா ரயிலேறியதும் இரவீந்திரனுக்குப் போன் எடுத்தாள். “வெண்டிட்டம் அப்பா. அந்தாள் அழுதிட்டுது.” அன்றைக்குப் புருசனோடு சண்டையே பிடிக்கவில்லை.

தீர்ப்பு வந்தது. அழகான தாள், இரண்டு முத்திரை. பால் காய்ச்சுபவரின் வாழ்வுமையம் அவர் பால் காய்ச்சிய இடமே என்பதை அலுவலகம் முழுமனதோடு ஏற்கிறது என்று முதல் பந்தியில் கிடந்தது. சிவகலா சாமிப்படத்துக்கு முன்னால் நின்று அதைச் சத்தமாக வாசித்தாள். பிறகு இரண்டாம் பந்தி. ஒருவர் பல இடங்களில் பால் காய்ச்சியிருந்தால், கடைசியாகக் காய்ச்சிய இடமே செல்லும். விண்ணப்பதாரி கடைசியாகப் பால் காய்ச்சியது ஓல்ட்டன், வாழ்வுமைய நிர்ணய அலுவலகம், அறை இருநூற்றுப் பதினாலு. எனவே அவருடைய வாழ்வின் மையம் அந்த அறை.

நாலைந்து தரம் வாசித்தாள். எழுத்து மாறவில்லை. தீர்ப்பின் பிரதியைச் சங்கத்துக்கும் அனுப்பியிருந்தார்கள், அந்த ஒரு வேலையில் மட்டும் சுணக்கம் இல்லை. சங்கத்தின் கடிதம் அடுத்த நாளே வந்தது. ஜூன் மாதம் முடிவதற்குள் அட்லிஸ்வில்லில்தான் குடியிருக்கிறீர்கள் என்று தீர்ப்பு வராவிட்டால் வீட்டை விட்டுவிடவேண்டும். வருத்தத்துடன், வணக்கத்துடன்.

சிவகலா நெகேலிக்குப் போன் எடுத்தாள். “ஐயா, கடைசியாக் காய்ச்சின இடம்தான் எண்டா நான் இண்டைக்கே அட்லிஸ்வில்லிலை திருப்பிக் காய்ச்சுறன். அதைப் பாத்து எழுதித் தாங்கோ.”

“புதிய பாலுக்குப் புதிய விண்ணப்பம் தேவை. பதினான்கு மாதங்கள் எடுக்கும்.”

“அப்ப இந்தத் தீர்ப்புப் பிழை எண்டு மேன்முறையீடு செய்யலாமோ?”

“தாராளமாக. முப்பது நாட்களுக்குள் செய்யவேண்டும். பாதிக்கப்பட்டவர் மட்டுமே செய்யலாம், அதாவது நீங்கள் மட்டும். விசாரிப்பது நான். என் தீர்ப்பில் இதுவரை நான் ஒரு பிழையும் கண்டதில்லை என்பதை முன்கூட்டியே சொல்வது நேர்மை.”

“முப்பது நாள் போனா?”

“அதன்பிறகு தீர்ப்பு உண்மையாகிவிடும். உண்மையை மாற்ற எனக்கே அதிகாரமில்லை.”

சிவகலா போனை வைத்தாள். அழுகை வந்தது, அதை உள்ளே அனுப்பினாள். கொதித்துப்போனாள். பதினெட்டு வருட வீடு போய், சோபாவில் கிடந்து, கண்முன் கிடைத்த வீட்டையும் ஒரு வில்லுக்கழுத்துப்பட்டிக்காரன் பாலைக் காட்டிப் பறிக்கிறான். அதுவும் தன் கையாலேயே காய்ச்ச வைத்துப் பறிக்கிறான். அவனைச் சும்மா விடுவதில்லை என்று அன்றைக்கே தீர்மானித்துவிட்டாள்.

இரவீந்திரன் வந்ததும் மேன்முறையீட்டுக் கடிதத்தை எழுத உட்கார்ந்தார். அவள் பேனையைப் பறித்தாள்.

“விடுங்கோ. முப்பது நாள் போகட்டும்.”

“விசரோ உனக்கு? வீடு போகப்போகுது.”

“இப்ப பங்குனி. சித்திரை பிறந்தா நல்ல நாள் வரும். நாங்கள் குடிபோவம்.”

“எங்கை?”

“தீர்ப்பிலை எழுதிக் கிடக்கிற இடத்துக்குத்தான்.”

முப்பது நாளும் போனது. சித்திரை பிறந்து, நல்ல நேரம் பார்த்து, கோபிசன் ஒரு லொறியைக் கொண்டுவந்து அலுவலக வாசலில் நிறுத்தினான். கட்டில், சோபா, ஆட்டுக்கல், முருகன். வாசலில் கட்டடப் பொறுப்பாளர் ஹெர் லூதி மறித்தார். சிவகலா தீர்ப்பை நீட்டினாள். ஹெர் லூதி எழுத்துக்கூட்டி வாசித்தார், இரண்டு முத்திரையையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு போய் பெயர் பொறிக்கும் கருவியைக் கொண்டுவந்து, தபால்பெட்டியில் அவர்கள் பெயரைப் பொறித்த தகட்டைப் பூட்டினார். பெயரில்லாத பெட்டி அந்தக் கட்டடத்தில் இருக்கக்கூடாது என்பது அவருடைய ஒரே கவலை. அறைக் கதவின் திறப்பைக் கொடுத்து, அவர்களுக்கு ஒதுக்கிய உடுப்புத் தோய்க்கும் நாள் செவ்வாய் என்று எழுதிக் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்.

நெகேலி வந்து கதவைத் திறந்தபோது அறையில் இரவீந்திரன் வேலை முடிந்துவந்த களைப்பில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். கோப்பு அலமாரிக்கு மேலே முருகன் இருந்தார். கறிவேப்பிலை தாளிக்கும் வாசம் மூன்று மாடிக்கும் போனது.

“என்ன இது?”

“செருப்பைக் கழட்டிட்டு வாங்கோ ஐயா” என்றாள் சிவகலா. “குடியிருக்கிற வீடு.”

அதற்குப்பிறகு நடந்ததை ஓல்ட்டனில் இன்றைக்கும் மெல்லிய குரலில்தான் கதைப்பார்கள். இருநூற்றுப் பதினாலாம் அறைக்கு அலுவல் பார்க்கப் போகிறவர் எவரும் சப்பாத்தைக் கழற்றவேண்டும். அலுவலர்கள் ஓட்டைக் காலுறைகளைத் தைக்கப் பழகினார்கள். மத்தியானம் ஒரு மணிநேரம் சத்தம் போடக்கூடாது என்பது இந்த நாட்டு வீட்டொழுங்கு. சிவகலா அதைக் காட்டி ஹெர் லூதியிடம் முறையிட்டாள், பக்கத்து அறையில் முத்திரை குத்துகிறார்கள், என்ரை மனுசன் படுக்கேலாமல் கிடக்கு என்று. ஹெர் லூதி போய் முத்திரைகளைப் பறிமுதல் செய்துவிட்டார். பின்னேரம் அவர் திருப்பிக் கொடுத்த முத்திரையைத் தலையணையில் வைத்துக் குத்தினார்கள், ஒன்றும் பதியவில்லை. சனிக்கிழமை கோபிசனின் மூத்த பிள்ளையின் பிறந்தநாள். நாற்பது பேர் வந்து கேக் வெட்டினார்கள். விண்ணப்பதாரர்கள் காத்திருக்கும் கதிரைகளுக்கு அன்றுதான் முதல்முதலாக ஒரு பிரயோசனம் கிடைத்தது.

நெகேலி முதலில் காவல்துறையைக் கூப்பிட்டார். வந்த இரண்டு பேரும் தீர்ப்பை வாசித்துவிட்டு, இவர் தன் வாழ்வுமையத்தில் அல்லவா இருக்கிறார், நீங்கள்தான் இந்த வீட்டில் யார் என்று கேட்டார்கள். பிறகு மேலிடத்துக்கு எழுதினார். தீர்ப்பு முப்பது நாள் கடந்து உண்மையாகிவிட்டது, உண்மைக்கு எதிராக எங்களால் ஒன்றும் செய்ய இயலாது என்று பதில் வந்தது. அந்த வசனத்தைச் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான். கடைசியில் ஒருநாள் செருப்பில்லாமல், சாம்பல் நிறக் காலுறையோடு, சிவகலாவின் சோபாவில் வந்து உட்கார்ந்தார்.

“திருமதி சிவகலா, நான் முப்பத்திரண்டு வருடங்களாக இந்த நாற்காலியில் இருக்கிறேன். மனிதர்கள் என்முன் அழுதிருக்கிறார்கள், கெஞ்சியிருக்கிறார்கள். ஒருவர்கூட நான் சொன்னபடி நடந்ததில்லை. இது மிகவும் கொடூரமான செயல்.”

“பிழை விட்டிட்டம் எண்டு எழுதித் தாங்கோவன். நான் இண்டைக்கே எழும்புறன்.”

“பிழை என்பதற்கு எங்களிடம் படிவம் இல்லை.” அவர் நெற்றியைத் துடைத்தார். “ஆனால் நீங்கள் அட்லிஸ்வில்லில் புதிதாகப் பால் காய்ச்சினால், நான் அன்றே தீர்ப்பு எழுதித் தருவேன்.”

“பதினாலு மாசம் எண்டியளே?”

“அது சாதாரண விண்ணப்பதாரர்களுக்கு.”

இரவீந்திரன் கட்டிலிலிருந்து எட்டிப் பார்த்து, “ஓமெண்டு சொல்லு, ஓமெண்டு சொல்லு” என்று தமிழில் சொன்னார். சிவகலா பஞ்சாங்கத்தைப் புரட்டினாள். வைகாசியில் ஒரு நல்ல நாள் இருந்தது. அதற்கு மூன்று கிழமை இருக்கிறது, அதுவரைக்கும் இஞ்சைதான் இருப்பம் என்றாள். நெகேலி அந்த மூன்று கிழமையும் தேநீர் அறையில் இருந்து வேலை பார்த்தார்.

வைகாசி நாளும் வந்தது. நெகேலியே நேரில் வந்தார், கையில் ஆல்ப்ஸ் மலைப் பசுப்பால், பக்கத்தில் குறிப்பெழுத ஃப்ராவ் அம்ஷ்டுட்ஸ். எங்கே அந்த மனுசி மனம் மாறிவிடுமோ என்ற பயத்தில் வாசலிலேயே சப்பாத்தைக் கழற்றிவிட்டார். சிவகலா வாசலில் நிறைகுடம் வைத்திருந்தாள். சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, அவரை விழுந்து விழுந்து உபசரித்தாள். வில்லுக்கழுத்துப்பட்டிக்கு மேலே பொட்டு நன்றாகத்தான் இருந்தது.

“ஐயா, எங்கட சனத்திலை பெரிய ஆக்களைக் கொண்டுதான் அடுப்பை மூட்டுவிக்கிறது. பால் வாக்கிறதும் அவையள்தான். உங்களைவிடப் பெரிய ஆள் இஞ்சை ஆர் இருக்கினம்?”

பெரிய ஆள் என்ற சொல் அவருடைய காதில் விழுந்தது. இரவீந்திரன் பெண்சாதியைப் பார்த்தார், அவள் அவரைப் பார்க்கவில்லை. நெகேலி நெஞ்சை நிமிர்த்தி, பானைக்குள் பாலை ஊற்றி, அடுப்பைத் திருகினார். கொதிக்கும்வரைக்கும் கையைக் கூப்பிக்கொண்டு நின்றார். பால் பொங்கிக் கிழக்கே வழிந்தபோது பிள்ளை பிறந்தது மாதிரிச் சிரித்தார். கோபிசன் அதைப் படம் பிடித்தான். அங்கேயே சமையலறை மேடையில் வைத்துத் தீர்ப்பில் கையெழுத்துப் போட்டார்: விண்ணப்பதாரியின் வாழ்வுமையம் அட்லிஸ்வில், முப்பத்தொன்று டிசம்பர் தொடக்கம். அந்த அவசரத்தில் விண்ணப்பதாரி பாலைத் தொடவில்லை என்பதை அவர் கவனிக்கவில்லை. கையெழுத்து விழுந்த தீர்ப்பு கையெழுத்து விழுந்ததுதான். சங்கம் அடுத்த கிழமையே வாழ்த்துக் கடிதம் அனுப்பியது. வீடு அவர்களுடையது.

அன்றைக்கு விருந்து முடிந்து எல்லோரும் புறப்படும்போது, வாசலில் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்த ஃப்ராவ் அம்ஷ்டுட்ஸிடம் சிவகலா மெதுவாக ஒரேயொரு கேள்வி கேட்டாள்.

“இண்டைக்கு இஞ்சை பால் காய்ச்சினது ஆர், ஃப்ராவ் அம்ஷ்டுட்ஸ்?”

ஃப்ராவ் அம்ஷ்டுட்ஸ் சப்பாத்து நாடாவைப் பாதியில் விட்டுவிட்டு நிமிர்ந்தார். பதினொரு வருடத்தில் அவர் சிரித்ததை அன்றுதான் கண்டார்கள்.

நெகேலியின் வீடு ஓல்ட்டனில் இல்லை. ஏரிக்கரையில் ஒரு சின்னஞ்சிறு கிராமத்தில், வரி என்றால் பிச்சைக்காரனுக்குப் போடுவதுபோலப் போட்டுவிட்டுப் போகிற இடத்தில், படகுத்துறையோடு ஒரு மாளிகை. மனிதர் எங்கே வாழ்கிறார் என்று ஊருக்கெல்லாம் கண்டுபிடித்துச் சொன்னவர் தனக்கு மட்டும் நல்ல இடமாகப் பார்த்து வைத்திருந்தார். பால் காய்ச்சுபவரின் வாழ்வுமையம் அவர் கடைசியாகப் பால் காய்ச்சிய இடமே என்ற அவருடைய தீர்ப்பை, ஃப்ராவ் அம்ஷ்டுட்ஸ் ஒரு எழுத்தும் மாற்றாமல் அவருக்கே பொருத்தினார். ஹெர் டொக்டர் நெகேலியின் வாழ்வுமையம் அட்லிஸ்வில்லில், திருமதி சிவகலாவின் சமையலறையில். ஏரிக்கரை மாளிகை இனி விடுமுறை வீடு மட்டுமே. தன் வழக்கைத் தானே விசாரிக்க முடியாது என்பதால் அவருடைய நாற்காலி தற்காலிகமாகத் துணைத்தலைவிக்குப் போனது. இந்த நாட்டில் தற்காலிகம் என்றால் எவ்வளவு காலம் என்பது நமக்குத் தெரியாததா.

ஆடி பிறந்து கொஞ்ச நாளில் அழைப்புமணி அடித்தது. வாசலில் நெகேலி. சொல்லாமலே சப்பாத்தைக் கழற்றினார். கழுத்துப்பட்டி இல்லை. சிவகலா உள்ளே கூப்பிட்டு, தேத்தண்ணியும் சுடச்சுட உளுந்துவடையும் வைத்தாள். அவர் வடையைத் தொடவில்லை. ஒரு தாளை எடுத்து மேசையில் விரித்தார்.

“ஒரேயொரு கையெழுத்து, திருமதி சிவகலா. நான் உங்கள் வீட்டில் வசிக்கவில்லை என்று வீட்டின் பிரதான குடியிருப்பாளர் எழுதித் தரவேண்டும். அவ்வளவுதான். ஊரறிந்த உண்மைதானே. நான் இங்கே வசிக்கவில்லையே.”

“இல்லைத்தான்.”

“அப்படியென்றால் போடுங்கள். முப்பது நாள் முடிவதற்குள் கொடுக்கவேண்டும். இல்லாவிட்டால் அது உண்மையாகிவிடும். என் மனைவி ஏற்கெனவே என்னை விருந்தினர் அறைக்கு மாற்றிவிட்டாள், விடுமுறைக்கு வருகிறவர்கள் அங்கேதான் தங்குவார்களாம்.”

சிவகலாவுக்குப் பாவமாக இருந்ததா என்று கேட்டால், கொஞ்சம் இருந்தது. பல்துலக்கி எந்தக் கன்டோனில் என்று கேட்ட முகம் நினைவுக்கு வந்ததும் அதுவும் போய்விட்டது. அவள் எழும்பிச் சுவரில் தொங்கிய கலண்டரைப் பார்த்து, பெருமூச்சு விட்டு, தலையை ஆட்டினாள்.

“ஆடியெல்லே ஐயா. எங்கட சனம் ஆடியிலை ஒரு காரியமும் தொடங்கிறேல்லை. ஆவணி பிறக்கட்டும்.”

“ஆவணி எப்போது பிறக்கும்?”

அவள் கலண்டரில் விரலை வைத்துக் காட்டினாள். அவருடைய தவணை அதற்கு முதல்நாளோடு முடிகிறது. அவர் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். வழக்கம் எதுவோ அதில் ஒன்றும் குறையக்கூடாது என்று எழுதிய கையால் தாளை நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். நன்றி சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார்.

கதவு சாத்துமட்டும் பொறுத்துக்கொண்டிருந்த இரவீந்திரன் கேட்டார். “ஆடியிலை கையெழுத்துப் போடக்கூடாதெண்டு எந்தப் பஞ்சாங்கத்திலை கிடக்கு?”

“ஒண்டிலையும் இல்லை.”

“பின்னை ஆர் சொன்னது?”

“நான்தான் சொன்னன். சட்டம் போடுறதுக்கு அவை மட்டும்தானோ?”

இரவீந்திரன் யன்னலால் கீழே பார்த்தார். மனுசன் ரயில் நிலையம் போகும் ரோட்டில், எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் நின்றார்.

“பாவமப்பா. அப்ப அந்தாள் இனி எங்கை இருக்கிறது?”

“சட்டப்படி எங்களோடைதானே இருக்கிறார்” என்றாள் சிவகலா, அவர் தொடாத வடையை எடுத்துக் கடித்துக்கொண்டு. “எப்ப வந்தாலும் வரட்டும். ஒரு பிடி சோறு போடுவன். கையெழுத்துத்தான் போடமாட்டன்.”